கை மாறாத துரும்பு

என் மேசையின் மேல் இழுப்பறையில், குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில், ஒரு வைக்கோல் துரும்பு பல வருடங்கள் இருந்தது. விரல் நீளம்தான். ஒரு பழைய பஸ் டிக்கெட்டில் சுற்றி வைத்திருந்தேன். ஒருமுறை அறையைக் கூட்ட வருகிற அம்மாள் இழுப்பறையைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார். நான் குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்து, உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தங்கக் கம்மல் எதுவோ தொலைந்துவிட்டது போல என்று நினைத்து அவரும் பதறிக்கொண்டு கூடவே தேடினார். கிடைத்ததும் நான் தூக்கிக் காட்டியதைப் பார்த்து அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசினார்.

நான் குடும்ப ஆலோசகர். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றை ஒட்டிய மாடியில் எங்கள் மையம். ஜன்னலைத் திறந்து வைத்தால் கண்டக்டர்கள் கூவுவது அறைக்குள் வந்துவிடும். எதிரே உட்கார்ந்திருப்பவர் வாழ்க்கையின் மிகப் பெரிய துக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நடுவில் "தேனி தேனி தேனி" என்று ஒரு குரல் புகும். ஜன்னலை மூடினால் வேர்த்துக் கொட்டும். வேர்ப்பதைவிடத் தேனி பரவாயில்லை என்று திறந்தே வைத்துப் பழகிவிட்டோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தலைக்கனம் உண்டு. வருகிறவருக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் "பிரச்சினை" என்று ஒரு கட்டம், அதன் கீழே "இலக்கு" என்று ஒரு கட்டம். இலக்கு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கல்லூரியில் மனப்பாடமாகப் படித்திருந்தேன். தெளிவாக இருக்க வேண்டும், அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், வந்தவருடையதாக இருக்க வேண்டும். முதல் இரண்டையும் எழுதுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. எங்கள் நிர்வாகி என் படிவங்களை மற்றவர்களுக்கு மாதிரியாகக் காட்டுவார். மூன்றாவது சங்கதியைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. என் முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரின் இலக்கு அவருடையதாகத்தானே இருக்கும் என்பது என் எண்ணம்.

எழுமலை அக்கா அந்த நாட்களில்தான் வந்தாள். எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு அதுவே பெயராகிவிட்டது. நாற்பதை ஒட்டிய வயது, என்னைவிட பதினைந்து வயதாவது மூத்தவள். கூட அவளுடைய அண்ணன் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மனுவை அவரே எழுதிக் கொண்டுவந்திருந்தார். தன் தங்கையிடம் அவள் புருஷன் மூன்று வருடமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆகவே அவளுக்கு ஒரு தீர்வு வேண்டும் என்று அதில் இருந்தது. அக்கா வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அண்ணன் பதில் சொன்னார்.

"நீங்க என்ன எதிர்பாக்குறீங்க அக்கா?" என்று ஒருமுறை அவளைப் பார்த்துக் கேட்டேன். கேட்டேன் என்று பேருக்குச் சொல்லிக்கொள்ளலாம். "அண்ணன் சொல்றதுதேன்" என்றாள். நான் உடனே குனிந்து என் அழகான தமிழில் எழுதினேன்: "தம்பதியரிடையே உரையாடலை மேம்படுத்தி, மூன்று மாதங்களுக்குள் சுமுகமான தீர்வை எட்டுதல்." படித்துக் காட்டினேன். அண்ணன் தலையை ஆட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி, முடித்ததும் அது சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள்.

அடுத்த வாரம் அவளைத் தனியாக வரச் சொன்னபோது கொஞ்சம் பேசினாள். மகள் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போகும்வரை வீட்டில் பிரச்சினை தெரியவில்லையாம். அப்பா மகளிடம் சொல்வார், மகள் அம்மாவிடம் சொல்வாள். மகள் விடுதிக்குப் போன பிறகு வீட்டில் இரண்டு பேர், ஒரு செவலைப் பசு. "இப்ப மாட்டுக்கிட்டச் சொல்றாரு. நான் கேட்டுக்கிருவேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். பசி எடுத்தால் தொழுவத்தில் நின்று, "ஏ செவல, மணி என்னாச்சு, பசிக்காதா?" என்பாராம். இவள் தட்டை எடுத்து வைப்பாள். மேலுக்கு முடியவில்லை என்றால் மாட்டிடம், "ஒனக்கென்ன, ஒடம்பு வலியா, காச்சலா?" என்பார். இவள் சுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது, நான் பேப்பரைத் திருப்புவதுபோல வேறு பக்கம் பார்த்தேன்.

ஏன் பேச்சு நின்றது என்பதையும் அன்று சொன்னாள். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். எட்டு மாதம் அள்ளிக் கொட்டிப் பார்த்தது அக்காதான். அந்தச் சமயத்தில் அண்ணன் வீட்டில் காதுகுத்து வந்தது, உசிலம்பட்டியைத் தாண்டி ஓர் ஊரில். அத்தைக்காரி தட்டோடு போய் நிற்காவிட்டால் ஊர் பேசும். புருஷன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தார். இவள் கிளம்பும்போது மாமியார் கையைப் பிடித்து, "வாரேன் அத்தே, பொழுதுக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கிழவி அன்று முற்பகலிலேயே போய்விட்டார். இவள் வந்து சேர்ந்தபோது எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்தும் முடிந்திருந்தது. வாசலில் நின்ற புருஷன் ஒன்றே ஒன்று கேட்டாராம்: "வாரேன்னு சொல்லிட்டுப் போனவ நீதான?" அதுதான் கடைசி. நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அதில் எந்த வார்த்தை முக்கியம் என்பது எழுதிய எனக்கே தெரியவில்லை.

பிறகு நான் புருஷனுக்குக் கடிதம் அனுப்பினேன். அந்தக் கடிதத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது. "தங்கள் மனைவி தீர்வு கோரி மனு அளித்துள்ளார். தீர்வு காணும் பொருட்டுத் தாங்கள் நேரில் வருமாறு கேட்டுக்கொள்கிறோம்." நாளும் நேரமும் போட்டு, முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் சேர்த்தேன். நான் பிறந்து வளர்ந்தது மதுரை டவுனுக்குள். உசிலம்பட்டிக்கு மேற்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் மலை இருக்கிறது என்று சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் என் ஞானம்.

அந்த நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால், ஒருவரை ஒருவர் அறியாதவர்களைப் போல. அண்ணன் முன்னமே வந்து காத்திருந்தார். புருஷன் ஒல்லியான, நெடிய மனிதர். தோளில் ஒரு சாக்கு. உள்ளே வந்ததும் அதை இறக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு குத்துவிளக்கு, ஒரு பித்தளைக் குடம், மடித்த ஓர் அரக்குச் சேலை. ஏதோ விற்க வந்திருக்கிறார் போல என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த பஸ் டிக்கெட்டை எடுத்துப் பிரித்து, அதற்குள் இருந்த துரும்பை என் மேசையில் வைத்தார். நான் மேசையைத் துப்புரவாக வைத்துக்கொள்கிறவள். பையில் ஒட்டியிருந்த குப்பை விழுந்துவிட்டது என்று நினைத்து, புறங்கையால் அதைத் தட்டித் தரையில் தள்ளினேன். அவர் குனிந்து, பொறுக்கி எடுத்து, மறுபடி மேசையில் வைத்தார்.

அக்கா எழுந்துவிட்டாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியவில்லை. "இதுக்கா எங்களை வரச்சொன்னீங்க?" என்றாள். அண்ணன் சாவகாசமாக, "மாப்ளயே கொண்டாந்துட்டாரு, நல்லதாப் போச்சு. வாங்கிக்க" என்றார். அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். நாற்பது வயதுப் பெண், பிரம்படிக்குப் பயந்த பள்ளிக்கூடப் பிள்ளையைப்போலக் கைகளை ஒளித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதும் எதுவும் விளங்கவில்லை, ஆனால் ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது.

"இது என்ன அண்ணே?" என்று புருஷனைக் கேட்டேன். அவர் என் கடிதத்தை எடுத்து விரித்து, "தீர்வு" என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார். "தீர்வு வேணும்னு நீங்கதான எழுதிருக்கீங்க. எங்க பக்கம் கட்டுனவளத் தீத்துவிடுறதுன்னா துரும்பு கிள்ளிக் குடுக்குறதுதேன், அவ கையில வாங்கிட்டா தீந்துச்சு. இப்ப யாரும் இப்படிச் செய்யிறதில்ல, வக்கீலுக்கிட்டப் போயிருறாங்க. எங்கய்யா காலத்து வழக்கம். அவ கேட்டா, குடுத்துருவோம்னு வந்தேன். அவ கொண்டாந்த சாமானும் இருக்கு, சரி பாத்துக்கச் சொல்லுங்க."

நான் எழுதிய தீர்வு வேறு, அவர் படித்த தீர்வு வேறு. அவளுடைய அண்ணன் மனுவில் எழுதியதும் இதே பொருளில்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேரில் இரண்டு பேர் அவளைத் தீர்த்துவிடத் தயாராக வந்திருந்தார்கள், மூன்றாவதாக நான் அதற்கு முத்திரை குத்தியிருந்தேன். அதற்கெல்லாம் கீழே கையெழுத்துப் போட்டவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. கடிதம் வந்த அன்று சாயந்திரம் அவர் தொழுவத்தில் நின்று, "போறவளப் புடிச்சு வைக்க முடியுமா?" என்று சொன்னாராம். மாட்டைத்தான் விற்கப் போகிறார் போல என்று நினைத்து அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறாள். இதைப் பிற்பாடு அவள் சொல்லிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்காவின் அண்ணனைக் கீழே டீக்கடையில் இருக்கச் சொல்லி அனுப்பினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிறகு படிவத்தை மூடிவைத்துவிட்டு, பேனாவையும் மூடிவைத்துவிட்டு, "என் தப்பு அக்கா. நான் ஒங்கள ஒழுங்காக் கேக்கவே இல்ல. இப்பக் கேக்குறேன். ஒங்களுக்கு என்ன வேணும்?" என்றேன். எழுத்துத் தமிழ் எங்கோ ஓடிப்போயிருந்தது. வெளியே ஒரு பஸ் கிளம்பிப் போனது, இன்னொன்று வந்து நின்றது. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன், இந்த வேலையில் எனக்கு அதுதான் முதல் தடவை.

"அவரு வெளிய போறப்ப, வாரேன்னு சொல்லிட்டுப் போகணும். அம்புட்டுத்தேன்" என்றாள்.

யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்வதில்லை, வாரேன் என்றுதான் சொல்வோம். பிச்சைக்காரன்கூட வாரேன் தாயி என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறான். அந்த வார்த்தை மூன்று வருடமாக அவள் வீட்டில் இல்லை. செருப்புச் சத்தம் கேட்கும், கதவுச் சத்தம் கேட்கும், ஆள் போயிருப்பார். எங்கே, எப்போது வருவார், வருவாரா என்பது ஒன்றும் தெரியாது. அவர் தலை குனிந்து துரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதனிடமே பேசுவதுபோல, "வாரேன்னு சொல்லிட்டுப் போனவ வரலையே" என்றார். அக்கா, "வந்தேன். பிந்தி வந்தேன்" என்றாள். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர்கள் ஒரே அறையில் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அவர் விளக்கையும் குடத்தையும் சேலையையும் திரும்பச் சாக்கில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார். அக்கா கூடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். அந்த பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததில் அவர் இருக்க மாட்டார் அல்லவா. துரும்பும் டிக்கெட்டும் என் மேசையில் கிடந்தன.

அன்று சாயந்திரம் படிவத்தில் நான் எழுதிய வரியை அடித்துவிட்டு, கீழே "வாரேன்" என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன். மாதக் கடைசியில் நிர்வாகி அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, இதை நான் எப்படி மேலே அனுப்புறது?" என்று கேட்டார். "அளந்து பாக்கலாம் சார். சொன்னாரா சொல்லலியா, அவ்வளவுதான்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அனுப்பினாரா, எடுத்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தினம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று நான் ஒரு பயிற்சி சொன்னேன். "எதுக்க எதுக்க ஒக்காந்தா மனுசன் எந்திரிச்சு ஓடிப்போயிருவாரு" என்று அவள் சிரித்தாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள்: "நானும் மாட்டுக்கிட்டயே சொல்லிப் பாக்குறேன்." அப்படித்தான் தொடங்கியது. கடைக்குப் போகும்போது தொழுவத்தைப் பார்த்து, "ஏ செவல, எழுமல வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றாளாம். கயிறு திரித்துக்கொண்டிருந்த அவர் கை நின்றதாம். அவ்வளவுதான் அந்த இரண்டு வாரத்துச் சேதி. அந்தக் கை நின்றதை அவள் எனக்குச் செய்து காட்டினாள். அதற்கடுத்த முறை வந்தபோது, அவரே மாட்டிடம் "சந்தைக்குப் போறேன்" என்று சொன்னதாகச் சொன்னாள். "போறேன்னுதேன் சொன்னாரு. வாரேன்னு வாய்ல வரல. இருந்தாலும் சொன்னாரு." நான் படிவத்தில் "போறேன் வரை முன்னேற்றம்" என்று எழுதினேன், இந்தத் தடவை பெருமையோடு.

ஒருநாள் பேச்சுவாக்கில் அவள் இன்னொன்றும் சொன்னாள். காதுகுத்து அன்று அவளிடம் போன் கிடையாது. அம்மா போனதுமே புருஷன் அண்ணனின் போனுக்கு அழைத்துச் சொல்லிவிட்டார். ஆடு வெட்டியாகிவிட்டது, ஊர்க்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பந்தி முடியட்டும் என்று அண்ணன் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார். மூன்று மணிக்குத்தான் இவளிடம் சொன்னார். இவள் வேண்டுமென்றே விருந்தில் உட்கார்ந்திருந்தாள் என்று புருஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "இத அவருகிட்டச் சொல்லிட்டா எல்லாமே சரியாயிருமே அக்கா. இதத்தான் மொதல்ல செய்யணும்" என்றேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன்.

அக்கா என் கையைப் பிடித்து பேனாவைக் கீழே வைத்தாள். "சொன்னா அண்ணனுக்கும் அவருக்கும் சென்மப் பகை. நாளைக்கு எம்மக கல்யாணத்துல தாய்மாமன் வந்து நிக்க வேணாமா? அண்ணன் என்னைய அத்துவிடணும்னு நிக்கிறதே, என் மூஞ்சியப் பாக்க முடியாமத்தேன். எனக்குத் தெரியாதா?" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "உண்மையச் சொல்லணும்ங்கிறது ஒங்க எலக்கு தங்கச்சி. என் எலக்கு அது இல்ல." அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அன்றுதான் தங்கச்சி என்றாள். இலக்கு என்ற சொல்லை நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதன் பொருளை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அந்த உண்மையைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அடுத்த மாதம் தெரிந்தது. புருஷன் மட்டும் தனியாக வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை, ஜன்னலருகே நின்றார். "அவ இங்க வந்து என்னதான் சொல்றா?" என்று கேட்டார். பிறகு அவராகவே, "அன்னைக்கு ஒரு நாழி முந்தி வந்துருந்தா மொகத்தயாச்சும் பாத்துருப்பா. எங்காத்தா கண்ணு மூடுறவரைக்கும் அவளத்தேன் கேட்டுக்கிருந்துச்சு" என்றார். அந்த நெடிய மனிதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது நாக்கின் நுனியில் நின்றது. நான் தண்ணீர் குடித்தேன். இன்னும் ஒரு டம்ளர் குடித்தேன். "அவங்களுக்கு என்ன வேணும்னு அன்னைக்கு ஒங்க முன்னாடியே சொல்லிட்டாங்க அண்ணே. அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். செய்தது சரிதானா என்று அன்று முழுக்க எனக்குத் தெரியவில்லை.

பதினைந்து நாள் கழித்து அக்கா வந்தபோது படியேறி வந்த வேகமே வேறாக இருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். காலையில் அவர் வயலுக்குக் கிளம்பியிருக்கிறார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று, "வாரேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"மாட்டுக்கிட்டயா?" என்று கேட்டேன்.

"மாட்ட அதுக்கு முன்னாடியே மேய்க்கிறவங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க தங்கச்சி. கட்டுத்தறி வெறும்னே கெடக்கு. அப்ப யாருகிட்டச் சொன்னாரு?" என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பதிலுக்கு ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். வாய் வரவில்லையாம், உலை வைத்த அடுப்புக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாளாம். சோறு குழைந்துவிட்டது என்று வருத்தப்பட்டாள். நான் அன்று அவளுடைய கோப்பை முடித்து வைத்தேன். துரும்பைத் தூக்கிப் போடாமல் இழுப்பறையில் வைத்ததும் அன்றுதான். அதன்பின் இன்றுவரை வருகிறவர் வாயால் சொல்கிற சொல்லைத்தான் அந்தக் கட்டத்தில் எழுதுகிறேன், எத்தனை நாள் காத்திருந்தாலும் சரி. சில கோப்புகளில் அந்தக் கட்டம் இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும். இப்போது வந்திருக்கும் புதிய நிர்வாகிக்கு அதில் ஏக வருத்தம்.

போன மாதம் அக்காவும் அவள் புருஷனும் என்னைத் தேடி வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். அக்காவுக்குத் தலை நரைத்துவிட்டது. அவர் கொஞ்சம் கூன் போட்டிருந்தார். பத்திரிகையில் தாய்மாமன் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. அக்கா அதை விரலால் தொட்டுக் காட்டினாள். பிறகு பஸ் நிற்கிறதா பார்க்கிறேன் என்று கீழே இறங்கிப் போனாள். அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்து துரும்பை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். டிக்கெட்டைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. "இன்னுமா வச்சிருக்க தாயி" என்றார்.

அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, சத்தமில்லாமல் சொன்னார்: "மச்சான் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆசுபத்திரில கெடந்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அன்னைக்குப் போன் வந்ததச் சொல்லாம வச்சிருந்தது தாந்தேன்னு. நான் என்னத்தச் சொல்ல. இவ அம்புட்டு வருசமும் ஒரு வார்த்த சொல்லல. அவ அண்ணன விட்டுக்குடுக்கல. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. அவ காப்பாத்துனத நான் போயி ஏன் ஒடைக்கணும்?" பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு அப்பவே தெரியுமா?" என்றார். நான் தண்ணீர் டம்ளரை எடுத்தேன். அவர் சிரித்தார். "தண்ணியாக் குடிச்சப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன்."

இந்தக் குறிப்பை எழுதுவதற்கு முன் இருவரையும் தனித்தனியாகப் போனில் கேட்டேன். ஊரையும் அடையாளங்களையும் கொஞ்சம் மாற்றிவிடுகிறேன் என்றேன். அவர், "எழுதிக்க தாயி. மச்சான் பேரு மட்டும் வேணாம்" என்றார். அக்காவிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே அவள் சொன்னாள்: "எல்லாத்தையும் எழுதுங்க. அவருக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். தெரியாதவரு மாதிரி இருக்காரு, இருந்துட்டுப் போகட்டும். அண்ணன் பேரு மட்டும் வேணாம்." இத்தனை வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தும், அந்த இரண்டு பேருக்கும் சொல்லிக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

பத்திரிகை வைக்க வந்த அன்று, அவர் எழுந்தபோது துரும்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வீட்ல செவலையோட கன்னு இருக்கு, இப்ப அதுவே மாடாயிருச்சு. அதுக்குப் போட்டுக்கிறேன்" என்றார். எனக்கு ஒரு கணம் கொடுக்க மனம் வரவில்லை, ஆனால் அது அவருடைய துரும்பு. டிக்கெட்டை மட்டும் எனக்கு விட்டுவிட்டார். அப்போது கீழேயிருந்து அக்காவின் குரல் வந்தது, கண்டக்டர் குரலையும் மீறிக்கொண்டு: "ஏங்க, பஸ்ஸு கெளம்பப் போகுது."

அவர் கதவருகில் நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்து, "வாரேன்" என்றார். என்னிடம் விடைபெற்றாரா, அவளுக்குப் பதில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. போகிறவன் சொல்வதும் அந்தச் சொல்தான், வருகிறவன் சொல்வதும் அந்தச் சொல்தான். நான் மாடியிலிருந்து "போயிட்டு வாங்க அண்ணே" என்றேன். அதே நேரத்தில் அக்கா கீழேயிருந்து "வாங்க" என்றாள்.